உயிரோடு இருக்கும்போதே நமது கல்வெட்டை நாமே எழுதி வைக்கலாமா?

கேட்டவர் 67 வயது அம்மா ஒருவர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தாய்வீட்டிலேயே குடும்பமாகி, முப்பது வருடம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மூவரில் இருவர் வெளிநாட்டில். அவருடைய கேள்வி இது: “நான் கண் மூடினால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கல்வெட்டு அடிப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் எழுதுவதையே எனக்கும் எழுதுவார்கள். நேர்மையானவள் என்று நினைக்கப்பட வேண்டும். நான் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதை இப்பவே எழுதி வைக்கலாமா? அது அபசகுனமா? எழுதினால் எதை எழுதுவது? 1990இல் காணாமல்போன என் அண்ணனின் பெயரை எந்த வரியில் போடுவது?” வாசித்துப் பார்த்தால் அபசகுனம் என்பது மேல் கேள்விதான். உள்ளே இருப்பது, என் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு, அது உண்மையாகவே சொல்லப்பட நான் இப்போது என்ன செய்யலாம் என்பது. கல்வெட்டு எழுதி, ஒப்புநோக்கி, அச்சுக்குக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் அந்த உள் கேள்விக்கே பதில் சொல்கிறேன். கிரியை, சாத்திரம் பற்றியவற்றை உங்கள் ஊர்க் குருக்களிடம் விடுகிறேன். அது என் துறை அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். இலங்கைத் தமிழர் கல்வெட்டு என்று சொல்வது கல்லில் வெட்டுவதை மட்டும் அல்ல. இறந்தவரின் நினைவாக அச்சடித்து, அந்தியேட்டிக் கிரியையில் அல்லது முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தையும் கல்வெட்டு என்றுதான் சொல்கிறோம். நினைவு மலர் என்பது அதன் புதுப் பெயர்.

அபசகுனம் என்ற பயத்தை முதலில் இறக்கி வைப்போம். கல்வெட்டை மற்றவர்கள்தான் பாட வேண்டும் என்பது மரபு. இறந்த திதியைச் சொல்லும் அதன் தலைப்பாடலான திதி வெண்பாவை உயிரோடு இருப்பவர் எழுதவும் முடியாது, திதி தெரியாதே. ஆனால் கல்வெட்டுக்கு வேண்டிய விவரங்களை எழுதி வைப்பது வேறு வேலை. அது காணி உறுதியை ஒழுங்காக எடுத்து வைப்பது போன்றது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 ஜூலையில் மறைந்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கும் அவருடைய சமாதியில் பொறித்திருப்பது பிறர் பாடிய புகழ்மாலை அல்ல. இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு அவர் தாமே பாடிய பாடல். ஒருவருடைய சொல்லே அவருக்குப் பிறகு அவரைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு நமது மண்ணிலேயே அந்தக் கல் இருக்கிறது.

இனி, எல்லாக் கல்வெட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பாசம் இல்லாததால் அல்ல; நாள் இல்லாததால். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழியும்வரை வீட்டில் யாரும் பேனா எடுப்பதில்லை. பத்தாம், பதினோராம் நாளில்தான் “கல்வெட்டுக்கு யாரைப் பிடிப்பது” என்ற பேச்சு வரும். அச்சகத்துக்குக் குறைந்தது ஒரு கிழமை வேண்டும். எழுதியதைத் தட்டச்சுச் செய்து, ஒப்புநோக்கி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பி, திருத்தி எடுக்க இன்னொரு கிழமை. ஆகவே எழுதுபவரின் கையில் உண்மையில் மிஞ்சுவது ஐந்தாறு நாள். அதற்குள் அழுது களைத்த பிள்ளைகளிடம் “அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் வருவது “நல்லவ, எல்லாருக்கும் உதவி செய்வா” என்பதுதான். அதை வைத்து எழுதுபவர் வேறு என்ன செய்வார்? பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்து ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றுவார்.

இதை ஒரு வெண்பாவை வைத்தே காட்டலாம். கீழே இருப்பது மாதிரிக்காகக் கட்டியது, எவருடையதும் அல்ல.

ஆண்டு விசுவா வசுவில்நல் லாவணியில்
பூண்ட வளர்பிறையின் பத்தாம்நாள் – வேண்டி
அரனடியைச் சேர்ந்தாள் அழியாத அன்பால்
வரமாய் எமைவளர்த்த தாய்.

தளை தட்டவில்லை, எதுகை இருக்கிறது. முதல் இரண்டு அடியில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கும் வந்துவிட்டன. திவசத்துக்கு நாள் பார்க்க இந்த நான்கும் போதும், திதி வெண்பாவின் வேலையும் அதுதான். ஆனால் பின் இரண்டு அடியைப் பாருங்கள். அதை எந்தத் தாய்க்கும் வைக்கலாம். அதில் உங்களுக்கே உரியது ஒரு சொல் கூட இல்லை. கல்வெட்டு முழுவதும் இப்படி ஆகிவிடாமல் இருக்க வேண்டும் என்றால் புகழ்ச் சொற்களை நீங்களே தேர்ந்து வைப்பதில் பயன் இல்லை. விவரங்களை விட்டுச் செல்ல வேண்டும். நான் சொல்ல வந்ததும் இதுதான்: உங்களை எப்படி மதிப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, எதை வைத்து மதிப்பது என்பதைத் தீர்மானிக்கலாம்.

திதியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு குறிப்பு எழுதி வையுங்கள், ஏனென்றால் அதிகம் பிழைப்பது இங்கேதான். ஒன்று, இறந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு உடனே குறிக்க வேண்டும். ஒரு திதி ஏறத்தாழ 19 முதல் 26 மணி நேரம் வரை நீளும். அது பகல் நடுவிலும் மாறும், இரவு நடுவிலும் மாறும். “பின்னேரம் போல” என்ற பதில் போதாது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் வேறுபாடு உண்டு, எனவே உங்கள் கோயிலில் எது வழக்கமோ அதையே பார்க்க வேண்டும். மற்றது, தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். 2025 பெப்ரவரியில் இறந்தவருக்கு வருடம் குரோதி. 2025 மே மாதம் இறந்தவருக்கு விசுவாவசு. கலண்டரில் 2025 என்று இருப்பதைப் பார்த்து இருவருக்கும் விசுவாவசு என்று போட்டு அச்சாகிப் போன கல்வெட்டுகள் நிறைய.

எழுதும் முறைக்கு வருகிறேன். எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். வலப் பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், இடப் பக்கம் பிறகு சேர்ப்பதற்கு வெறுமையாக இருக்கட்டும். ஒவ்வொரு விவரத்துக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து: பத்திரம் பார்த்து எழுதியதற்கு ‘ப’, கண்ணால் கண்டதற்கு ‘க’, பிறர் சொல்லக் கேட்டதற்கு ‘கே’. இந்த மூன்று எழுத்தை நான் மிகவும் வற்புறுத்துவேன். அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது என்றால் பிள்ளைகள் எல்லாவற்றையும் வேதவாக்காக எடுப்பார்கள். உங்கள் பாட்டனார் மண்முனையில் இருந்து வந்தவர் என்று யாரோ சொன்னதும், நீங்கள் 1984இல் நியமனம் பெற்றதும் ஒரே தரத்து உண்மைகள் அல்ல. ஓர எழுத்து இருந்தால் எழுதுபவர் ‘கே’ போட்டதை “என்பர்” என்று முடிப்பார், ‘ப’ போட்டதை “ஆகும்” என்று முடிப்பார்.

பெயர்களில் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலைப் பதிவில் வேறொன்று என்று இருப்பது நம்மிடம் சாதாரணம். மூன்றையும் எழுதி, எது உங்களுக்குப் பிடித்ததோ அதைக் கோடிடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரில்தான் உங்களைத் தெரியும். பிறந்த இடம் எழுதும்போது ஒரு கவனம்: அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் கல்முனையிலோ காரைதீவிலோ தம்பிலுவிலிலோ பிறந்த உங்கள் உறவினரின் சான்றிதழில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருந்தால் அது பிழை அல்ல, திருத்த வேண்டியதும் இல்லை.

தாய், தகப்பன், அவர்களின் தாய் தகப்பன் என்று மேலே போகும்போது திகதிகள் கிடைக்காது. அப்போது எல்லாரும் அறிந்த நிகழ்ச்சிகளை முளையாக அடித்து, அவற்றோடு கயிறு கட்டுங்கள். 1957 டிசம்பர் வெள்ளம், கல்லோயா அணை வேலை தொடங்கிய 1949, 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி. “வெள்ளத்துக்கு முந்தின பெரும்போகத்தில் (மாரி நெற்செய்கைக் காலத்தில்) கலியாணம்” என்றால் 1956–57 என்று எவரும் கணக்கிடலாம். அதற்கும் முன்னால் போனால், கல்லடிப் பழைய பாலம் 1924இல் திறந்தது. பாட்டி தோணியில் வாவி கடந்து பட்டணம் போனவவா, பாலத்தில் போனவவா என்பதே ஒரு கால அளவு. சூறாவளியும் இடப்பெயர்வும் சுனாமியும் பெட்டிகளைக் கொண்டுபோன வீடுகளில் இந்தக் கணக்கு ஒன்றுதான் மிச்சம்.

வம்சப் பகுதியில் நம் பக்கத்துக்கென்று ஒரு தனி வழி இருக்கிறது. அச்சகங்களில் கிடைக்கும் மாதிரிகள் பல தகப்பன் வழியில் தொடங்கி, பாட்டன், பூட்டன் என்று ஏறுகிறவை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி என்று சொல்வதெல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதே. இந்தத் தாய்வழிக் குடிமுறை இங்குள்ள முஸ்லிம் மக்களிடமும் இருக்கிறது. தகப்பன்வழி மாதிரியை அப்படியே நிரப்பினால் உங்கள் தாய், தாயின் தாய், அவருடைய தாய் என்ற கோடு கல்வெட்டில் இருந்தே காணாமல் போகும். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்குத் தன் குடி எதுவென்று சொல்ல அதன் பிறகு ஆள் இராது. ஆகவே தாய்வழியை முதலில், குறைந்தது நான்கு தலைமுறைக்கு, பெண்களின் பெயரோடு எழுதுங்கள். கணவரின் குடியைத் தனியே எழுதுங்கள். பிள்ளைகள் உங்கள் குடி, அவருடைய குடி அல்ல என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். எந்தக் குடி முந்தியது, எந்தக் கோயிலில் எவருக்கு என்ன உரிமை என்பதை மட்டும் கல்வெட்டில் வைக்க வேண்டாம். அச்சில் வந்த வரி பிறகு வழக்குக்குச் சாட்சியாக இழுக்கப்படும். அதற்காகவா உங்கள் பெயரில் ஒரு புத்தகம்?

அடுத்தது வாழ்க்கை. இங்கேதான் நேரம் எடுங்கள், கொப்பியில் பாதி இதற்குப் போகட்டும். “சிறந்த ஆசிரியையாகத் திகழ்ந்து மாணவர் மனங்களில் நீங்கா இடம் பிடித்தார்” என்ற வசனத்தை எவருக்கும் எழுதலாம். அதே இடத்தில் எந்தப் பாடசாலை, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம், எத்தனையாம் வகுப்பு, எப்படிப் போய் வந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். குருமண்வெளித் துறையில் பாதை (வாவி கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போய்ப் படிப்பித்தவர் என்றால் அதை எழுதுங்கள்: எத்தனை மணிப் பாதை, அது தவறினால் என்ன செய்தீர்கள், மாரியில் வாவி ஏறினால் பள்ளி எத்தனை நாள் மூடியது. ‘ழ’ வராத பிள்ளைக்கு எந்தச் சொல்லை வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள், சிலேட்டு இல்லாதவர்களை எதில் எழுத வைத்தீர்கள் என்பவை ஒரு வரியில் அடங்கும். அந்த ஒரு வரி பத்து அடைமொழிக்கு மேல். வேளாண்மைக்காரராக இருந்தால் எந்த வட்டை (வயல்வெளி), எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால் தண்ணீர், சூடடிக்கும் களவெட்டியில் எவர் எவர் கூட நின்றார்கள். கூத்தாடியவர் என்றால் வடமோடியா தென்மோடியா, என்ன கூத்து, என்ன வேடம், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் யார், எந்த வருட அரங்கேற்றம். இவை கல்வெட்டோடு நிற்பவை அல்ல, ஊரின் வரலாறும் இவற்றில்தான் இருக்கிறது.

கையால் செய்த ஒன்றை அளவோடு எழுதுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடும் ஆணம் (குழம்பு) ஒன்று இருக்கும். “ஒரு கைபிடி தேங்காய்ப்பூ, கொஞ்சம் புளி” என்று எழுதினால் அது மகளுக்கு உதவாது. உங்கள் கைபிடி அவளுடைய கைபிடி அல்ல. அடுத்த முறை காய்ச்சும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபின் தராசில் போட்டு கிராமில் குறியுங்கள். தண்ணீரைச் சுண்டில் அளக்காமல் மில்லி லீட்டரில் அளந்து குறியுங்கள். எப்போது இறக்குவது என்பதற்கு நிமிடத்தைச் சொல்ல வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைச் சொல்லுங்கள். அடுப்புக்கு அடுப்பு நேரம் மாறும். கல்வெட்டில் சமையற்குறிப்பா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தேவாரத்துக்குப் பக்கத்தில் அதைப் போடச் சொல்லவில்லை, கடைசிப் பக்கத்தில் போடலாம். ஒரு தாயை இருபது வருடம் கழித்தும் ஒரு வீட்டுக்குள் கொண்டு வருவது எது என்று கேட்டால், என் அனுபவத்தில் அந்தக் கடைசிப் பக்கம்தான்.

குறைகளை எழுதுவதா என்பது கடினமான இடம். உங்களுக்கு நீங்களே நேர்மையாக இருக்க விரும்புகிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. கொப்பியில் எழுதுங்கள், அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். உயிரோடு இருப்பவரைக் குற்றம் சொல்லும் வரி, காணிப் பிணக்கு, கடன், எவருடைய நோய், எவருடைய கலியாணத்து மனத்தாங்கல் ஆகிய ஐந்தும் கல்வெட்டில் வரக்கூடாது. வாசிப்பவர் பதில் சொல்ல முடியாத இடம் அது. ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாராவது இருந்தால், அதற்குக் கல்வெட்டு சரியான இடமே அல்ல. இப்போதே ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

“நேர்மையானவள் என்று நினைக்கப்பட வேண்டும்” என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் எழுதினால் தற்புகழ்ச்சி, மகன் எழுதினால் வழமை. அதை வெளியார் ஒருவர் சொல்ல வேண்டும். உங்களோடு வேலை செய்த ஒருவர், உங்களிடம் படித்த ஒருவர், அயல் வீட்டார் ஒருவர் என மூன்று பேரின் பெயரையும் எண்ணையும் கொப்பியில் எழுதி, “எனக்குப் பிறகு இவர்களிடம் அரைப் பக்கம் கேளுங்கள்” என்று குறியுங்கள். அவர்கள் உங்களை எப்படிச் சொல்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்வார்கள், நீங்கள் பெரிதாக நினைத்ததை விட்டுவிடுவார்கள். அதை ஏற்றுக்கொண்டுதான் பெயர் எழுத வேண்டும்.

படங்களில் நடக்கும் பிழைகள் எல்லாம் தவிர்க்கக் கூடியவை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து முகப்பில் போடுவதுதான் பெரிய அநியாயம். நான்கு அங்குலம் அகலம், ஐந்து அங்குலம் உயரத்தில் தெளிவாக அச்சாக, படம் 1200க்கு 1500 புள்ளியாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி விடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கைத்தொலைபேசியால் படம் பிடிக்காமல் ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிப் போன படத்தைப் பிடுங்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணலாம், பிடுங்கினால் முகம்தான் முதலில் உரியும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். முகப்புக்கு எந்தப் படம் என்பதை நீங்களே தேர்ந்து ஓர் உறையில் போட்டு வையுங்கள். அறுபது வயதுப் படமா, முப்பது வயதுப் படமா என்று அண்ணன் தங்கை சண்டை பிடிப்பது அந்த வாரத்தில் நடக்கும்.

குரலையும் விட்டுச் செல்லுங்கள். மின்விசிறியை நிறுத்தி, தொலைபேசியை மேசையில் ஒரு முழத் தூரத்தில் வைத்து, ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் ஒரே விடயத்தைப் பேசுங்கள். தொடங்கும்போதே திகதியையும் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எவரும் கேட்க மாட்டார்கள், பத்து நிமிடப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

அச்சகத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கால் பிரிய வேண்டும்: 16, 24, 32. முப்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் இரண்டு பக்கம் வெறுமையாகவோ எவரோ ஒருவரின் விளம்பரத்தோடோ வரும். வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் முழுப் புத்தகத்தையும் அடிப்பது இப்போது பழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் நனைந்து காய்ந்தால் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மாரிக்கு மாரி வெள்ளம் பார்க்கும் நமது ஊருக்கு எழுத்துப் பக்கங்களைச் சாதாரண 80 அல்லது 100 ஜிஎஸ்எம் தாளிலும், படங்களை மட்டும் நடுவில் ஆர்ட் பேப்பரிலும் போடுவது நல்லது. எத்தனை பிரதி என்பதை ஆளைக் கணக்கிடாமல் வீட்டைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். எழுத்துரு இன்னொரு பொறி. வீட்டில் தொலைபேசியில் தட்டுவது யூனிகோட். இங்கே பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. மாற்றும்போது ஸ்ரீ, ஔ போன்றவை குழம்பும். ஆங்கில எழுத்தில் இருந்த பட்டங்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறும். பாமினியில் மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில் இருப்பதால், வசனத்தில் அரைப்புள்ளி வந்த இடத்தில் தனியே ஒரு குற்று நிற்கும். ஆகவே ஒப்புநோக்குவதை அச்சகத்தின் தாளில்தான் செய்ய வேண்டும், தொலைபேசியில் அல்ல. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கொப்பியைப் பார்க்க வேண்டும். பெயர்களைப் பின்னிருந்து முன்னாகவும் ஒருமுறை வாசியுங்கள். அச்சானதும் இரண்டு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுக்கலாம். நூலக நிறுவனம் ஈழத்து வெளியீடுகளை எண்ணிம வடிவில் இணையத்தில் சேர்க்கிறது. நினைவு மலர்களும் அங்கே இருக்கின்றன.

அடக்கம் பற்றிய விருப்பங்களைக் கொப்பியில் எழுதாதீர்கள், அது முப்பத்தோராம் நாளுக்கே திறக்கப்படும். மரண சாசனத்திலும் (உயிலிலும்) எழுதி நம்ப வேண்டாம். அதையும் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே எடுப்பார்கள். தனித் தாள் ஒன்றில் எழுதி, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இன்றே கொடுங்கள். கண்தானம் என்றால் இன்னும் அவசரம். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், குடும்பம் அப்போது தடுக்காமல் இருக்க வேண்டும், ஆகவே முன்பே பேசி வைக்க வேண்டும். மரண சாசனம் தனி வேலை: நொத்தாரிசும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்து இட வேண்டும். கல்லறைக்குக் கல் வைப்பதானால் ஒரு மாரி கழியட்டும். மணல் மண் இறங்கும். அவசரப்பட்டுக் கட்டிய மேடை நடுவில் வெடிக்கும். உப்புக் காற்றில் சீமெந்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கல்லைத் தள்ளும், வர்ணம் பூசிய எழுத்து மங்கிவிடும். கருங்கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்தே நிற்கும். அதில் பெயர், ஊர், இரண்டு திகதி, வேண்டுமென்றால் ஒரே ஒரு வரி.

உங்கள் அண்ணனின் பெயரைக் கடைசிக்கு வைத்தேன். சகோதரர் வரிசையை நாம் எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது: “காலஞ்சென்றவர்களான” என்று இறந்தவர்களை முன்னால் சேர்த்து, பிறகு இருப்பவர்களை ஊர், நாட்டோடு எழுதுவோம். காணாமல்போனவருக்கு அந்த இரண்டு கூட்டத்திலும் இடம் இல்லை. அதனால் எழுதுபவர் அவரைத் தன் எண்ணப்படி “காலஞ்சென்ற”வர்களோடு சேர்த்துவிடுவார், அல்லது வீட்டார் மனம் நோகும் என்று விட்டுவிடுவார். இரண்டுமே வீட்டாரைக் கேட்காமல் செய்யக் கூடாதவை. சட்டத்திலேயே இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது: இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்கள், ஆள் இன்னும் காணக் கிடைக்கவில்லை என்று கூறும் சான்றிதழைப் பெற 2016இல் சட்டத் திருத்தம் வந்தது. திதி தெரியாததால் சில குடும்பங்கள் ஆடி அமாவாசையில் மட்டக்களப்பு மாமாங்கத்திலோ திருக்கோயில் என்ற ஊரின் கடற்கரையிலோ தீர்த்தத்தில் பெயர் சொல்லிக் கொள்கிறார்கள். சில குடும்பங்கள் அதையும் செய்ய மறுக்கிறார்கள், செய்தால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்வதாகும் என்று. எது சரி என்று சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, கல்வெட்டு எழுதும் எவருக்கும் இல்லை.

அச்சில் செய்யக் கூடியது இது. இறந்தவர், இருப்பவர் என்று பிரிக்காமல் சகோதரர் எல்லாரையும் பிறந்த வரிசையில் எழுதுங்கள். அண்ணன் உங்களுக்கு மூத்தவர், ஆகவே உங்களுக்கு முன்னால் அவர் பெயர் வரும். “காலஞ்சென்ற” என்ற அடையை மற்றவர்களுக்கும் நீக்கி, அவர்களின் பிறந்த, இறந்த வருடங்களைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் போடுங்கள். அண்ணனுக்குப் பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அதன் பின் வெற்றிடம். அவர் கடைசியாகக் காணப்பட்ட இடத்தையும் நாளையும் கொப்பியில் முழுதாக, ஓரத்தில் ‘க’வா ‘கே’யா என்று குறித்து எழுதுங்கள், அச்சில் வருவதா என்பதைப் பிள்ளைகள் அப்போது தீர்மானிக்கட்டும். அச்சகத்துக்குப் போகும் தாளில் அந்தப் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு, “கோட்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி விடுபட்டது அல்ல, நிரப்ப வேண்டாம்” என்று எழுதச் சொல்லுங்கள். தட்டச்சுச் செய்பவர் நல்லெண்ணத்தில் அதை நிரப்பிவிடுவார்.